ஹா மட்டும் வேண்டாம்

ஏனுங்க தம்பி, இந்த வண்டி அடுத்தாப்பல எங்கீங்க நிக்கும்? கிசன்கஞ்சுங்களா? சரி. இந்தப் பையைச் சித்தெ புடிச்சுக்குங்க. இல்லீங்க, வேண்டாம், கீழயே கெடக்கட்டும். டிக்கெட்டு நியூ ஜல்பாய்குரி வரைக்கும் இருக்குது, அது இருந்துட்டுப் போவுது. நான் கிசன்கஞ்சுலயே எறங்கி, எதுத்தாப்பல வர்ற வண்டியைப் புடிச்சு ஊரு போய்ச் சேர்றேன்.

உங்களைத் தமிழ்னு எப்படிக் கண்டுபுடிச்சேன்னு பாக்கறீங்களா? நேத்து புவனேஸ்வரத்துல டீ வாயில வெச்சதும் "அய்ய, ஒரே சக்கரை"ன்னீங்கல்லோ, அதுலதான். பட்டாளமுங்களா? லீவு முடிஞ்சு போறீங்களா? நல்லது. நான் பொள்ளாச்சிங்க. நாச்சிமுத்துன்னு பேரு. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர்டு ஆனவன். வால்பாறை வண்டியாகட்டும், பழனி வண்டியாகட்டும், நான் கையெழுத்துப் போட்டாத்தான் நவுரும். டிரைவர்மாருக எல்லாம் என்னைக் கண்டா டீ டம்ளரைக் கீழ வெச்சுருவாங்க. அப்பேர்ப்பட்டவனை ஏமாத்திப்போட்டாங்க தம்பி. கட்டுன பொண்டாட்டியில இருந்து காலையில கூட நடக்கற சிநேகிதக்காரங்க வரைக்கும், ஒருத்தர் பாக்கி இல்லாம.

ஆறு மாசமுங்க. ஆறு மாசமா ஒரு பையன்கிட்டப் போன்ல பேசிப் பேசித்தான் இந்தப் பூட்டான் டூருக்கு நான் பிளான் போட்டேன். அவன்தான் எங்களுக்குக் கைடு. இன்னைக்குக் காலையில பல்லு வெளக்கிட்டு வந்து உக்கார்றேன், எங்கூட்டுக்காரி மயிலாத்தா சொல்றா, அந்தக் கைடு என்ற மருமகனாமா. மருமகன்! நான் எப்பங்க அவனை மருமகன்னு சொன்னேன்? என்ற புள்ளையே இல்லீன்னு ஆனப்பறம் மருமகன் எங்கிருந்து வருவான்?

நீங்களே சொல்லுங்க, இது நல்லா இருக்குதா?

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். நாங்க மகாலிங்கபுரத்துல காலையில நடக்கற கூட்டம். வக்கீல் சென்னியப்பன்னு ஒருத்தரு, அவருதான் ஆரம்பிச்சாரு, எல்லாரும் எங்காச்சும் மலைநாட்டுக்குப் போயிட்டு வரலாம்னு. அவருக்குக் காஷ்மீர் போகோணும். மத்தவங்க சிம்லான்னாங்க, நேபாளம்னாங்க. நான்தானுங்க பூட்டான்னேன். ஏன்னா சுத்தமான ஊருங்க தம்பி. ஹாரன் அடிக்க மாட்டாங்களாமா. தலைநகரத்துலயே சிக்னல் வெளக்குக் கெடையாது, போலீஸ்காரரு கையைக் காட்டித்தான் வண்டியை உடுவாரு. பாஸ்போர்ட்டும் வேண்டாம், ஓட்டு அட்டை போதும். பஸ் ஸ்டாண்டுச் சத்தத்துலயே காது போனவனுக்கு வேற எந்த ஊருங்க தோதுப்படும்? அதுக்குத்தான் சொன்னேன், வேற ஒரு காரணமும் கெடையாது. "கட்டாயம் பூட்டான்தானா நாச்சிமுத்து?"ன்னு சென்னியப்பன் ரெண்டு மூணு வாட்டி கேட்டாரு, ஒரு மாதிரியா என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு. பூட்டான் இல்லீன்னா நான் வல்லீன்னு சொல்லிப்போட்டேன்.

அந்த நாட்டுல கைடு இல்லாம உள்ளுக்குச் சுத்த முடியாதுங்க. சென்னியப்பன்தான் ஒரு நெம்பர் குடுத்தாரு. கின்லேன்னு பேரு, கோயமுத்தூர்ல காலேஜ் படிச்ச பையன், தமிழ் பேசுவான்னாரு. இதுல சந்தேகப்படறதுக்கு என்னங்க இருக்குது? பூட்டான் பசங்க கோயமுத்தூர்ல எத்தனையோ பேரு படிக்கறாங்க. சின்னக் கண்ணும் செவத்த கன்னமுமா டாப்சிலிப் போறதுக்கு எங்க பஸ் ஸ்டாண்டுலயே வந்து நிப்பாங்க. அதுல ஒருத்தன்னு நெனச்சேன்.

பிளான் நான் போடறேன், நீ வண்டியோட வந்து நின்னாப் போதும்னு மொத நாளே சொல்லிப்போட்டேன். சரிங்க சார்ன்னான். ரெண்டாவது மாசத்துல இருந்து சார் போயி அப்பான்னு ஆயிருச்சு. அவங்க பாஷையிலயும் அப்பனைக் கிட்டத்தட்ட அப்படித்தான் கூப்புடுவாங்களாமா. கூப்புட்டா என்ன கொறஞ்சு போகுதுன்னு நானும் உட்டுட்டேன்.

நம்ம தினசரி காலண்டரை வெச்சுத்தாங்க நான் எதையும் பண்றது. அதுல அடியில சூலம் போட்டிருப்பான் பாருங்க. திங்களும் சனியும் கிழக்கே சூலம். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. செவ்வாயும் புதனும் வடக்கே, அதனாலதான் திங்கக்கிழமையே எல்லாரையும் கெளப்பி வண்டியேத்துனேன். அந்த நாட்டு மேப்பை விரிச்சுப் பாத்தா, ஒரே ஒரு பெரிய ரோடு, அதுவும் மேற்கே பாரோவுல ஆரம்பிச்சுக் கிழக்கே போகுது. வாரத்துல பாதி நாளு சூலம் மறிக்குது. எப்படிங்க டூர் போறது? நானும் மாத்தி மாத்திப் போடறேன். சனிக்கிழமை திம்புவுல சும்மா கெடக்கறது, ஞாயித்துக்கிழமை புனாகாவுல ரெண்டு ஆறு கூடற எடத்தைப் பாக்கறது, நம்ம பவானிக் கூடுதுறையாட்டவே இருக்குது போட்டோவுல. திங்கக்கிழமை நவுரவே கூடாது. அப்பறம் நடு நாட்டுல பும்தாங். கிழக்குக் கடைசி வேண்டாம்னு அடிச்சுட்டேன், வால்பாறை ரோட்டையே ரெண்டு நாளைக்கு ஓட்டற மாதிரியாமா, வக்கீலுக்கு இடுப்பு தாங்காது.

வேற கைடா இருந்தா போனை வெச்சுட்டுப் போயிருப்பான் தம்பி. இவன் பொறுமையா ஒண்ணு கேட்டான் பாருங்க. "அப்பா, எங்க ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். காலையில கிழக்கே பாத்துப் போற வண்டி, ஒரு மலையைச் சுத்துனா மேற்கே பாத்துப் போகும். அப்பச் சூலம் எந்தப் பக்கம்?" அட, ஆமாமல்லோ! நான் ஜோசியருகிட்டயே போய்க் கேட்டேன். அவரு காப்பி குடிச்சுட்டு அப்பறம் வாங்கன்னுட்டாரு.

அடுத்த வாரம் பாத்தா அவனே சொல்றான், "அப்பா, பத்தாம் தேதி அஷ்டமி வருது, பரவால்லயா?"ன்னு. உனக்கெப்படித் தெரியும்னேன். அவனூட்டுலயும் நம்ம காலண்டர் தொங்குதாமா, பொள்ளாச்சி ஜவுளிக்கடை குடுத்தது. யாரு குடுத்தாங்கன்னேன். ஊர்ல இருந்து வந்துச்சுப்பான்னான். என்ன கெட்டிக்காரப் பையன், நமக்காக மெனக்கெட்டு வாங்கி மாட்டியிருக்கறான்னு நெனச்சேனே ஒழிய, மயிலாத்தா அனுப்பிச்சிருப்பாள்னு எனக்கு எப்படிங்க தோணும்? அவனூட்டுல ரசம் வெப்பாங்கன்னும் சொல்லியிருக்கறான். கோயமுத்தூர் மெஸ்ஸுல தின்ன ருசின்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒரு வாட்டி நாலு நாளாப் போனே இல்ல. பனி பேஞ்சு லைன் போயிருச்சாமா. எனக்கு இருப்புக் கொள்ளல. மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். மயிலாத்தா சிரிக்கறா, "பையனைக் காணோம்னு இத்தனை வெசனமா?"ன்னு. பையனாவது கிய்யனாவது, டூர் பிளான் நின்னு போயிருமேன்னுதானுங்க வெசனம்.

ஒரே ஒரு எடத்துலதான் அவனுக்கும் எனக்கும் ஒத்துக்கல. ஒவ்வொரு வாட்டியும் நான் பிளானை அனுப்புனா அதுல ஒண்ணைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவான். "ஹாவுல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போலாமா அப்பா?" வேண்டாம்னு அடிப்பேன். அடுத்த பிளான்லயும் ஹா. ஹாங்கறது ஒரு பள்ளத்தாக்குங்க, பாரோவுக்கு மேற்கே ஒரு கணவாய் தாண்டிப் போகோணும். நாங்க பாரோவுல இருக்கறதே வெள்ளிக்கிழமை, அன்னைக்கு மேற்கே சூலம். அவன் காலண்டரைப் பாத்துட்டு, "சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம்னு போட்டிருக்கேப்பா, வெல்லம் தின்னுட்டுப் போலாமே"ங்கறான். எடக்குப் பாருங்க! வெல்லமெல்லாம் அவசர ஆத்திரத்துக்கு, டூருக்கு இல்லீன்னு சொல்லிப்போட்டேன்.

அதில்லாம, அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க தம்பி. நான் போன்ல மேப்பைப் பெருசாக்கிப் பாத்துட்டேன். ஒரு ஆறு. ரெண்டு கோயிலு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கருப்பு. அப்பறம் ஒரு பள்ளிக்கூடம், பச்சைத் தகரம் போட்டது. அதுக்குப் பின்னால சரிவுல டீச்சருக இருக்கற ஊடுக. மூணாவது ஊட்டு வாசல்ல துணி காயப்போடக் கயிறு கட்டியிருக்குது. ரோட்டுல இருந்து அந்த ஊட்டுக்குப் படி கெடையாது, மண்ணு வழிதான், மழை பேஞ்சா வழுக்கியே தீரும். குளுரு காலத்துல தண்ணிக் குழா ஒறஞ்சு போயிருமாமா. அவ்வளவுதான் ஊரு. அங்க போயி என்னத்தைப் பாக்கறது?

என்ன கேட்டீங்க? ஆமாங்க. அந்த ஊட்டுலதான் இருக்கறா. வெண்ணிலா. ஒரே புள்ளைங்க எங்களுக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துலதான் டீச்சரு. காலேஜுல கூடப் படிச்ச பையனைக் கட்டிக்கிட்டு ஆறு வருசம் ஆச்சு. அவன் பேரு, ஊரு, தொழிலு ஒண்ணையும் என்ற காதுல போடக் கூடாதுன்னு அன்னைக்கே சொல்லிப்போட்டேன். மயிலாத்தாளும் போடல; புள்ளை இருக்கற எடம் மட்டும் அவ போன்ல பேசறப்பத் தானா வந்து காதுல உழுந்துச்சு. போடாம இருந்தே இப்படிக் கவுத்துப்போட்டா.

காலையில என்ன சொல்றா தெரியுமுங்களா? "ஸ்டேசன்ல எறங்குனதும் மருமகப்புள்ளை ஓடி வந்து உங்க கையைப் புடிப்பாரு. தெரிஞ்சே புடிங்க மாமா. தெரியாமப் புடிச்சுட்டு அப்பறம் ஒதறுனீங்கன்னா அவரு தாங்க மாட்டாரு." அவன் தாங்க மாட்டானாமா! நான் தாங்குவனா, மாட்டனான்னு ஒருத்தராவது ரோசிச்சாங்களா? சென்னியப்பன் மேல் பெர்த்துல கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கற மாதிரி படுத்திருக்கறாரு. தூங்கறவனுக்குக் கால் வெரலு ஆடுமுங்களா?

வண்டி நிக்குதே. இதுதான் கிசன்கஞ்சா? எங்க என்ற பை? இருங்க... இன்னைக்கு என்ன கெழமைங்க? வியாழனா? அடக் கெரகமே, வியாழக்கிழமை தெற்கே சூலமல்லோ! இப்ப எறங்குனா ஊருக்குத் தெற்கேதான போகோணும்? தைலமுங்களா? பரிகாரம் தைலம்தான், அது எனக்குத் தெரியாதா? அதுக்காக நீங்க தலைவலித் தைலத்தை எடுத்து நீட்டறீங்களே தம்பி, வெளையாடறீங்களா? காலண்டர்ல சொல்ற தைலம் நல்லெண்ணைங்க. வேண்டாம், வேண்டாம், சட்டுனு எறங்கறதுக்கு இதென்ன டவுன் பஸ்ஸா. அடுத்த ஸ்டேசன்ல ரோசிச்சுக்கலாம்.

போயிருச்சு வண்டி. பரவால்ல.

அந்தா வர்றா பாருங்க மயிலாத்தா, டீயைத் தூக்கிக்கிட்டு. எனக்கு வேண்டாம். வேண்டாங்கறனல்லோ! இந்தத் தம்பிக்குக் குடு. இவரு பட்டாளத்துல இருக்கறாரு. ஆமா, எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் இருக்கறேன், ஊரு பூராச் சொல்லுவேன், நீ பண்ணுன காரியத்துக்கு... என்ன? என்ன சொன்னே? யாருக்குத் தெரியாது? அவளுக்குமா? நாம வர்றதே அவளுக்குத் தெரியாதா? ஏன்?

அப்படியா சொன்னா? அப்படியேவா சொன்னா?

சரி, நீ போ. நீ போயி உக்காரு, நான் வாறேன். டீயை வெச்சுட்டுப் போ.

கேட்டீங்களா தம்பி? என்ற பேரை அந்த ஊட்டுல யாரும் எடுக்கக் கூடாதாமா. "அப்பா வந்தாரு போனாருன்னு என்ற காதுல போட வேண்டாம்"னு புருசன்கிட்டயும் ஆத்தாகிட்டயும் சொல்லிப்போட்டாளாமா. அதனால அந்தப் பையன் ஆறு மாசமா என்கிட்டப் பேசுனதையே அவளுக்குச் சொல்லலியாமா. ஆத்துப் பக்கம் போயி நின்னுக்கிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணுவானாமா. நான்கூடக் கேட்டிருக்கறேன், என்னப்பா எப்பவும் தண்ணி எரைச்சலாவே இருக்குதுன்னு. என்ன திமிரு பாருங்க இந்தப் புள்ளைக்கு! பெத்த அப்பன் பேரைக் கேக்க மாட்டாளாமா! இந்த வீம்பெல்லாம் எங்கிருந்துதான் வந்துச்சோ, மயிலாத்தா பக்கத்துல இப்படி ஒருத்தருமே கெடையாது.

நான் அப்படி என்னங்க பண்ணிப்போட்டேன்? நீங்களே கேளுங்க. அன்னைக்குச் சாயங்காலம் வந்தா, கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு. ஒத்தையாத்தான் வந்தா, அவனைக் கூட்டிட்டு வல்ல. நான் கதவைச் சாத்திட்டேன். கோவத்துல எந்த அப்பனும் பண்றதுதான? மயிலாத்தாளையும் எந்திரிக்க உடல. அவ வாசல்லயே நிக்கறா. நின்னுக்கிட்டு "அப்பா, அப்பா"ங்கறா. நான் உள்ளே உக்காந்து கடியாரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறேன். எதுக்குங்கறீங்க? கோயமுத்தூருக்குக் கடைசி பஸ் எப்பப் போகும்னு எனக்குத் தெரியாதா? அது போயிருச்சுன்னா அவ எங்கயும் போக முடியாதல்லோ? எங்க தெரு மொனையிலதான் அது நின்னு போகும். அது போன ஒடனே எந்திரிச்சுக் கதவைத் தொறந்து, வா, சோறு உண்ணுன்னு சொல்லலாம்னு இருந்தேன் தம்பி. மனசுக்குள்ள அதுதான் பிளானு. நானாத் தொறந்தேன்னு இருக்கக் கூடாது, பஸ்ஸு போயிருச்சு, அதனால தொறந்தேன்னு இருக்கோணும்.

நேரம் ஆச்சு. பஸ்ஸு போயிருக்கும்னு எந்திரிச்சுத் தாப்பாள்ல கை வெச்சேன். அன்னைக்குன்னு பாத்து அந்த வண்டி லேட்டுங்க! டிரைவரு பஞ்சர் ஒட்டிட்டு இருந்தானாமா. நான் தொறக்கறேன், தெரு மொனையில வண்டி கெளம்பற சத்தம் கேக்குது. வாசல்ல அவ இல்ல. அந்த டிரைவர் மட்டும் நேரத்துக்கு எடுத்திருந்தான்னா இன்னைக்கு என்ற புள்ள என்னோட பேசிக்கிட்டு இருப்பா. மக்கா நாளு விடிஞ்சதும் அவனுக்கு மெமோ குடுத்தேன். எதுக்குன்னு அவனுக்கே வெளங்கல. இவளாவது இன்னொரு பத்து நிமிசம் நின்னிருக்கலாமல்லோ? அவசரக் குடுக்கை.

ஏன் இப்படிப் பாக்கறீங்க? டீயைக் குடிங்க, ஆறிப் போகுது.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். கின்லே. எடுக்கட்டுங்களா? எடுக்கலீன்னா பாவம் ஸ்டேசன்ல நின்னுக்கிட்டு...

ஹலோ. ம். எஸ் ஏழு. ஆமா, எஞ்சின்ல இருந்து நடுவால வரும். ம். சொல்லிட்டா. காலையிலயே சொல்லிட்டா. அட, அழுகாதே. பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு ஆம்பளை அழுகறதா? அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், இப்ப நான் சொல்றதைக் கேளு. பிளான் மாறுது. இல்லப்பா, ஊருக்குத் திரும்பல, யாரு சொன்னாங்க உனக்கு? பாரோ அப்பறம், திம்பு அப்பறம். நாளைக்கு எல்லை ஊரு பூன்ட்ஷோலிங்குல கெளம்புனா நேரா ஹா. வெள்ளிக்கிழமைதான். அங்கிருந்து ஹா வடக்கேப்பா, வெள்ளிக்கு வடக்கே சூலமே கெடையாது. எனக்கு எப்பவோ தெரியும், நீதான் பாரோவுலயே நின்னுட்டே. இன்னொண்ணு. நான் வர்றேன்னு அவகிட்ட மூச்சு உடாதே. சொன்னீன்னா ஊட்டைப் பூட்டிக்கிட்டு எங்காச்சும் போயிருவா, எனக்குத் தெரியும் அவளை. டூரிஸ்டு கூட்டம் வருது, டீ வெச்சுக் குடுன்னு மட்டும் சொல்லு. பொய் என்னப்பா இதுல? நாங்க டூரிஸ்டுதான? வெச்சுர்றேன்.

சிரிக்கறீங்களே தம்பி! அவங்க பண்ணுனதும் இதுவும் ஒண்ணுங்களா? அது ஏமாத்து வேலை. இது பிளானு.

அந்தச் சரிவுல வண்டி ஏறாது, ரோட்டுலயே நிறுத்தோணும். மொதல்ல கின்லே எறங்கட்டும். அப்பறம் மயிலாத்தா. சென்னியப்பன் கூட்டத்தை வண்டியிலயே உக்கார வெச்சுருவேன், வேடிக்கை பாக்கறதுக்கு அது ஒண்ணும் திருவிழா இல்ல. கடைசியா நான் போறேன். பாத்ததும் அவ சத்தம் போடுவா. போடட்டும். ஊரே கூடற மாதிரி போடோணும். சத்தம் போட்டாள்னா எனக்குப் பயமில்ல தம்பி, நானும் போடுவேன், அப்பா மகளுக்குள்ள அதெல்லாம் ஆயிரம் வாட்டி ஆயிருக்குது. ஒண்ணுமே பேசாம உள்ளே போயிக் கதவைச் சாத்திக்கிட்டாள்னாத்தான்... அதுக்கு என்ன பண்றதுன்னு ரோசனை பண்ணிக்கிட்டேதான் காலையில இருந்து இந்த ரயில் பெட்டி வாசப்படியில நிக்கறேன்.

சாத்துனாச் சாத்தட்டும். நான் நிப்பேன். அந்த ஊருக் குளுருல நின்னா நின்னுட்டுப் போறேன். அவளாட்டப் பாதியில கெளம்பிப் போக மாட்டேன்.

ஸ்டேசன் வந்துருச்சுங்களா? மயிலாத்தா! ஏ மயிலாத்தா, எந்திரிச்சு வா, சாமானை எடு, அந்த வக்கீலை எழுப்பு! தம்பி, நீங்க சித்தெ முன்னால எறங்கிக் கையைக் குடுங்க.